பேரைப் பார்த்தாவது யோசித்திருக்கலாம்

அத்தியாயம் – 11

அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு முன்னால் மெஹராஜ் கொதித்துக்கொண்டிருந்தாள்.

கொதிக்காமல் வேறென்ன செய்வாள்? போன வாரம் காந்திபுரம் பிரௌசிங் சென்டரில் அந்த மெயிலைப் படித்துவிட்டு, வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைக்கூட மறந்து, வெறுங்காலோடு பஸ் ஏறிக் கோட்டைமேட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்க்கும்போது கூட அந்த மெயிலின் கடைசி வரியைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது போவதாக இல்லை.

கதையின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மெஹராஜ் கம்ப்யூட்டர் படித்தவள். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, பழுது பார்த்து, துடைத்து விற்பாள். கடை கிடையாது. 'கோவை சந்தை' என்று இன்டர்நெட்டில் ஒரு கூட்டம் இருந்தது. நடத்துகிறவர் அப்புசாமி, அந்த பிரௌசிங் சென்டரின் சொந்தக்காரர். கேமராவோ, டைப்ரைட்டரோ, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சாமானைப் பற்றி ஒரு மெயில் போட்டால் போதும், கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

முகம் பார்க்காத வியாபாரம். அதனால் அப்புசாமி ஒரு சட்டம் வைத்திருந்தார். சாமான் கை மாறியதும், வாங்கியவர் விற்றவரைப் பற்றி நாலு வார்த்தை எல்லோருக்கும் எழுத வேண்டும். அந்த நாலு வார்த்தைதான் அங்கே மூலதனம். மெஹராஜைப் பற்றி வந்ததெல்லாம் நல்ல வார்த்தை. 'மெஹர்' என்று சுருக்கிக் கையெழுத்துப் போடுவாள். பாதிப் பேர் அவளை ஆண் என்று நினைத்து 'மெஹர் சார்' என்றே எழுதினார்கள். அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கும் திருமலைசாமியின் மகன் ரவிதேஜா அவளிடம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். கொண்டுபோய் இறக்கி, ஓட்டிக் காட்டிவிட்டு வந்தது மெஹராஜின் கணவன் ரசாக். ஆயுத பூஜை முடிந்த கையோடு கம்ப்யூட்டர் உயிரை விட்டது. ரவிதேஜா கூட்டத்துக்கே இங்கிலீஷில் எழுதிப்போட்டான். செத்த மெஷினைத் தலையில் கட்டிவிட்டார்கள், டெலிவரிக்கு வந்த பாயைப் பார்த்த பிறகுதான் யாரிடம் வாங்கியிருக்கிறோம் என்று புரிந்தது, ஜாக்கிரதை. கடைசியாக அந்த வரி: 'பேரைப் பார்த்தாவது யோசித்திருக்கலாம்.'

அதைவிடக் கொடுமை, அதற்கு வந்த பதில்கள். 'எச்சரித்ததற்கு நன்றி' என்றார் ஒருவர். 'எனக்கும் அப்போதே ஒரு சந்தேகம்' என்றார் இன்னொருவர். இந்த இன்னொருவர்தான் மெஹராஜிடம் பிரிண்டர் வாங்கிவிட்டு 'தங்கமான மனிதர்' என்று எழுதியவர். கடைசி வரிக்கு என்னய்யா அர்த்தம் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இல்லை.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பேசி முடிச்சிருங்கன்னு அப்புசாமி சொல்லிட்டாரு. இல்லீன்னா என்ற பேரை எடுத்துருவாராம்" என்றாள் மெஹராஜ், இட்லியைத் தட்டில் போட்டபடி.

ரசாக்குக்கு உக்கடத்தில் பழைய மோட்டார் பாகங்கள் விற்கும் கடை. "எங்க உக்கடத்துல சாமானத் தொட்டுப் பாப்பான், ஓட்டிப் பாப்பான், விக்கறவன் மொகத்தையும் பாப்பான். ஒன்ற சந்தையில மொகமே இல்லியே புள்ள. நான் அப்பவே சொன்னேன்."

"மொகம் தெரியாத வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. தெரிஞ்சதுக்கப்பறம்தானே கெட்டுப்போச்சு?"

ரசாக் இட்லியைப் பிட்டான்.

திருமலைசாமியின் பட்டறை வாசலில் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே லேத், டிரில்லிங் மெஷின், எடைத் தராசு என்று ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டும், காய்ந்த செவ்வந்தி மாலையும். வருஷத்தில் ஒரு நாள் மெஷின்களைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கிற ஊர் இது. ஆபீஸ் அறையில் மெஹராஜ் விற்ற கம்ப்யூட்டருக்கும் மாலை போட்டிருந்தார்கள். தன் கைபட்ட சாமானுக்கு இத்தனை மரியாதையா என்று கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார் திருமலைசாமி. "நீங்க ஏமாத்திப்போட்டீங்கன்னு நான் சொல்லலீங்க. ஆனா ஏமாந்தது நாங்கதானுங்களே?"

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

ரவிதேஜா கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றான். சின்ன வயது, நல்ல படிப்பு, இஸ்திரி கலையாத சட்டை. மெஹராஜைப் பார்த்ததும் அவன் முகத்தில் லேசாக ஒரு குழப்பம். "மெஹர்ங்கறது... நீங்களா?"

"நாந்தானுங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மெஹராஜ் மாலையை இரண்டு கையாலும் எடுத்து மேஜையின் ஓரமாக வைத்தாள். ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியின் மூடியைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள்.

உள்ளே மஞ்சள்.

மேலே காற்றுப் போகும் ஓட்டைகள் வழியாக இறங்கி, பவர் சப்ளை மேல் வழிந்து, அடியில் இருக்கும் போர்டு வரைக்கும் காய்ந்த மஞ்சள் கோடு. ஃபேன் இறக்கையில் ஒரு மாவிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரோ மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். லேத்துக்குத் தெளித்த மாதிரியே இதற்கும். லேத் இரும்பு, தாங்கிக்கொண்டது. இது தாங்கவில்லை. மறுநாள் சுவிட்சைப் போட்டதும் கருகிவிட்டது.

தான் விற்றது நல்ல சாமான் என்று நிரூபிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? நிமிர்ந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

நிமிர்ந்தாள். ரசாக்கும் எட்டிப் பார்த்திருந்தான். அவன் கண் 'வேண்டாம்' என்றது.

ஏன் வேண்டாம் என்று அவளுக்கும் தெரியும். போன வருஷம் பிப்ரவரியில் குண்டுகள் வெடித்ததற்குப் பிறகு இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இதே வாக்கியத்தை வேறு யார் சொன்னாலும் அது கம்ப்யூட்டரைப் பற்றிய பேச்சு. மெஹராஜ் சொன்னால் பூஜையைப் பற்றிய பேச்சு. 'எங்க சாமி கும்பிட்டதக் குத்தம் சொல்ல வந்துட்டாங்க' என்று பட்டறையில் ஒருத்தர் வாயிலிருந்து கிளம்பினால், அது மேட்டுப்பாளையம் ரோடு தாண்டும்போது என்னவாக இருக்கும் என்று யார் கண்டது? குற்றம் செய்யாதவள் கையில் சாட்சியை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்கப் பயந்து நின்றாள். இது என்ன நியாயம்?

"என்ன ஆச்சுங்க?" என்றான் ரவிதேஜா.

"தண்ணி எறங்கியிருக்குங்க."

"எங்க ஆபீசுக்குள்ள மழையா பேயுது? நீங்க எந்தக் குடோன்ல போட்டு வெச்சிருந்தீங்களோ!"

"வந்து பாருங்களேன்."

அவன் வரவில்லை. முடிவு கட்டிவிட்டவன் எதற்காகக் குனிந்து பார்க்கப் போகிறான்?

அப்போதுதான் காபித் தட்டோடு ராமாமணி உள்ளே வந்தார். திருமலைசாமியின் மனைவி, ரவிதேஜாவின் தாயார். தட்டை மேஜையில் வைக்கக் குனிந்தவர் பார்வை திறந்திருந்த பெட்டிக்குள் விழுந்தது. மஞ்சளைப் பார்த்தார். மாவிலைத் துணுக்கைப் பார்த்தார். டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின.

ராமாமணி நிமிர்ந்து மெஹராஜைப் பார்த்தார். தெளித்த கை யாருடையது என்று மெஹராஜுக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. சொல்லுங்கம்மா, உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"காபி ஆறிரும், குடிங்க" என்றார் ராமாமணி. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மெஹராஜுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகனாவது தெரியாமல் பேசுகிறான். இந்த அம்மாள் தெரிந்தே போகிறாரே!

"இதப் பாருங்க, வழக்கு வம்பெல்லாம் நமக்கெதுக்கு?" என்றார் திருமலைசாமி. "மெஷினை எடுத்துக்குங்க, காசத் திருப்பிக் குடுத்துருங்க. சாயங்காலம் அப்புசாமி சென்டருக்குப் போயி, தப்பு நடந்துபோச்சு மன்னிச்சுக்குங்கன்னு எல்லார்த்துக்கும் ஒரு மெயில் போட்டுருங்க. முடிஞ்சுது."

"செரிங்க மொதலாளி" என்றான் ரசாக்.

"காசத் தாரமுங்க" என்றாள் மெஹராஜ். "மன்னிப்பு எழுத மாட்டேனுங்க."

"அப்ப தப்பு ஆரு மேலம்மா?"

மெஹராஜ் உள் கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

"எம்மேல இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். காபியைத் தொடவில்லை. கொங்கு நாட்டில் ஒரு வீட்டுக் காபியைத் தொடாமல் எழுவது எவ்வளவு பெரிய வார்த்தை என்று திருமலைசாமிக்குத் தெரியும். அவர் முகம் சுருங்கியது.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரசாக் உட்கார்ந்திருந்தான். பஸ் கவுண்டம்பாளையம் தாண்டியது.

"ரெண்டு வரி எழுதிப்போட்டா என்ன கொறஞ்சு போகுது?" என்றான் கடைசியில்.

"நான் எழுதற மன்னிப்பு ஒரு மெஷினுக்கா நிக்கும்? 'பாத்தீங்களா, நான் சொன்னது செரியாப்போச்சு'ன்னு அவன் எழுதுன கடைசி வரிக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிராதா? நாளைக்கு நம்ம தெருவுலயிருந்து எவன் ஒரு சாமான் விக்கப் போனாலும் என்ற மன்னிப்பத்தானுங்க எடுத்துக் காட்டுவாங்க."

ரசாக் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அதுக்கு என்ன பண்ணச் சொல்றே? நெசத்தச் சொல்லவும் முடியாது."

"முடியாதுன்னு ஆரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன். பயந்துட்டுச் சொல்றேன்னே வெச்சுக்க" என்றான் ரசாக். மெஹராஜ் அதற்கு மேல் அவனோடு சண்டை போடவில்லை.

சாயங்காலம் சென்டரில் அதிகம் ஆளில்லை. அப்புசாமி நல்ல மனுஷர்தான். யாரையும் பகைத்துக்கொள்ளாத நல்ல மனுஷர்.

"நான் என்னங்க பண்ணட்டும்? கூட்டம் கேக்குதுங்க" என்றார் பிடரியைத் தடவிக்கொண்டு.

"அந்தக் கடைசி வரியப் பத்திக் கூட்டம் ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

"அது... அவரு கோவத்துல எழுதுனதுங்க."

"இப்ப நான் கோவத்துல எழுதட்டுங்களா? உட்டுருவீங்களா?"

அப்புசாமி மோடத்தைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

மெஹராஜ் உட்கார்ந்து அடித்தாள். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குள் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டது, அதனால்தான் பழுதானது, என் மேல் குற்றமில்லை. இவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. படித்துப் பார்த்தாள். பிறகு ரவிதேஜாவின் கண்ணால் படித்தாள். 'தங்கமான மனிதர்' எழுதியவரின் கண்ணால் படித்தாள். அத்தனை எழுத்தையும் அழித்தாள். பழி போட்டவன் தைரியமாக அனுப்பினான். உண்மையை எழுதியவள் அழிக்க வேண்டியிருக்கிறது. ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. அதை அப்புசாமி பார்த்துவிடக் கூடாதே என்று அதற்கும் ஒரு ஆத்திரம் வந்தது.

"ஏனுங்க, இங்க மெஹராஜுன்னு ஒரு அம்மணி..."

வாசலில் ராமாமணி நின்றுகொண்டிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பஸ் கூட்டத்தில் கசங்கிப்போய்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரசாக் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவர் உட்காரவில்லை.

"நாந்தான் கண்ணு தெளிச்சேன்" என்றார். "லேத்துக்குத் தெளிச்சேன், தராசுக்குத் தெளிச்சேன். ஊட்டுக்குப் புதுசா வந்தத மட்டும் உட்டுப்போட்டா கொறையா இருக்குமேன்னு இதுக்கு ரெண்டு கை சேத்தித் தெளிச்சேன். தண்ணி பட்டா போயிரும்னு எனக்கு ஆரும் சொல்லல. காத்தால நீ பெட்டியத் தொறந்தப்பத்தான் பாத்தேன்."

"பாத்தீங்கல்ல? அப்பவே ஏனுங்கம்மா சொல்லல?" மெஹராஜின் குரல் உயர்ந்தது. "என்னைத் திருடியாட்ட நிக்க வெச்சுட்டு காபி ஆறிரும்னு சொல்லிட்டுப் போறீங்களே!"

"தப்புத்தான். விஜயதசமியன்னிக்கு மெஷின் நின்னுபோச்சு, அபசகுனம்னு எங்கூட்டுக்காரரு சரியாச் சோறு திங்கறதில்ல. அதுக்கு நாந்தான் காரணம்னு ஆம்பளைங்க முன்னால சொல்ல வாய் வரல கண்ணு. நீ சொல்லிப்போடுவேன்னு நெனச்சு உள்ளார நடுங்கிட்டு நின்னேன். நீ சொல்லல. எம்பேரு வெளிய வரக் கூடாதுன்னு ஒரு வார்த்தை பேசாம போயிட்டயே! அத நெனச்சா எனக்கு இருப்புக் கொள்ளல."

மெஹராஜ் ரசாக்கைப் பார்த்தாள். இந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது. தன் பேரைக் காப்பாற்றத்தான் மெஹராஜ் வாயை மூடிக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"எப்படி எழுதோணும்னு சொல்லுங்க, எம்பேர்லயே எழுதறேன்" என்றார் ராமாமணி அப்புசாமியிடம்.

அப்புசாமி அவர் பெயரில் ஒரு புது மெயில் முகவரி திறந்தார். ராமாமணி சொல்லச் சொல்ல அவரே இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தார். கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருந்தது. பூஜைக்கு நான்தான் மஞ்சத் தண்ணி தெளிச்சேன். கெட்டதுக்கு நான் காரணம். வித்தவங்க மேல ஒரு தப்பும் இல்லை. இப்படிக்கு ரவிதேஜாவின் அம்மா, ராமாமணி. பொத்தானைத் தானே அமுக்க வேண்டும் என்று கேட்டு, ஆட்காட்டி விரலால் அழுத்தமாக அமுக்கினார்.

"செரியாப் போச்சா கண்ணு?"

"மெஷினுக்குச் செரியாப் போச்சுங்க."

"வேற என்ன இருக்குது?"

சொல்லலாமா என்று மெஹராஜ் யோசித்தாள். வீடு தேடி வராத குறையாக இத்தனை தூரம் வந்திருக்கிற பெண்மணி. இதோடு விட்டுவிடலாம். கம்ப்யூட்டர் மேல் விழுந்த பழி போய்விட்டது. ஆனால் அவள் மேல் விழுந்தது அப்படியே இருக்கிறது. அதை விட்டால் இன்று இரவும் சோறு இறங்காது.

ரவிதேஜாவின் மெயிலைத் திறந்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, மெதுவாக, திருத்தமாகச் சொன்னாள்: "பேரைப் பாத்தாவது யோசிச்சிருக்கலாம்."

ராமாமணிக்கு முதலில் புரியவில்லை. "ஆரு பேரை?"

"என்ற பேரைங்க. மெஹருங்கறத."

"பேருல என்ன..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். மெஹராஜின் முகத்தைப் பார்த்தார். ஓரமாக நின்ற ரசாக்கைப் பார்த்தார். காலையில் ஏன் அவர்கள் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இத எம்பையன் எழுதுனானா?"

மெஹராஜ் திரையில் இருந்த அவன் பெயரைக் காட்டினாள்.

ராமாமணி அப்புசாமியின் போனை வாங்கினார். மகனை அழைத்து, வீட்டில் பேசும் தெலுங்கில் இரண்டே வார்த்தையில் சென்டருக்கு வரச் சொல்லிவிட்டு வைத்தார். அப்புசாமி டீ வாங்கி வரச் சொல்லவா என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பைக்கை விரட்டிக்கொண்டு வந்தான் ரவிதேஜா. உள்ளே நுழைந்தவன் மெஹராஜைக் கண்டதும் நின்றான்.

"அம்மா, இங்க என்ன பண்றே? இவங்க உன்னை வரச் சொன்னாங்களா?"

"ஆரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்." ராமாமணி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மகன் பக்கமாக இழுத்துப் போட்டார். திரையில் அவன் எழுதிய மெயில் அப்படியே இருந்தது. "உக்காரு. மெஷினப் பத்தி நான் எழுதிப்போட்டேன். பேரப் பத்தி நீ எழுது."

ரவிதேஜா திரையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. "நீ என்ன எழுதுனே?"

"நெசத்த எழுதுனேன். தண்ணி தெளிச்சது நானு. அதுல அவமானப்படறதுக்கு ஒண்ணுமில்ல, தெரியாமச் செஞ்சது. நீ தெரிஞ்சு செஞ்சிருக்கறே."

"சரிம்மா, நீ எழுதுனதே போதும். மறுபடி எதுக்கு அதக் கெளறிக்கிட்டு..."

"போதாதுங்க" என்றாள் மெஹராஜ்.

சத்தமாகச் சொல்லவில்லை. அழாமல், கெஞ்சாமல் சொன்னாள். கீபோர்டை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

ரவிதேஜா பைக் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி நின்றான். அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் அவன் அம்மா நின்றார். நாற்காலி காலியாக இருந்தது.